ஆக்னஸ் ஸ்மெட்லி: இந்தியாவுக்காகச் சிறை போனவரா, சோவியத் உளவாளியா?

அமெரிக்க எழுத்தாளரும் பத்திரிகையாளருமான ஆக்னஸ் ஸ்மெட்லி இந்திய விடுதலைக்காக அமெரிக்காவில் சிறைக்குப் போனவர் என்று ஒரு இடத்தில் படித்தேன், இன்னொரு இடத்தில் சோவியத் உளவாளி என்று போட்டிருக்கிறது, எது உண்மை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் உண்மைதான். இப்படிச் சொன்னால் அவரைப் போற்றுகிறவர்களுக்கும் பிடிக்காது, தூற்றுகிறவர்களுக்கும் பிடிக்காது. ஒரு கூட்டம் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளும், இன்னொரு கூட்டம் இரண்டாவது பாதியிலிருந்துதான் ஆரம்பிக்கும். என்னைக் கேட்டால் இந்த இரண்டு பட்டங்களையும் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, ஊரார் துணியைத் துவைத்துக் குடும்பம் நடத்திய ஒரு அம்மாவின் மகள் என்பதிலிருந்து தொடங்கினால்தான் இந்தப் பெண்ணின் வாழ்க்கை பிடிபடும். பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1892 பிப்ரவரியில் மிசூரி மாநிலத்தில் ஆஸ்குட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா சார்ல்ஸ் ஒரு இடத்தில் நிலைத்து நிற்காத ஆள், குடிப்பார், நன்றாகக் கதை சொல்வார், எப்படியும் நாளைக்குப் பணக்காரனாகிவிடுவோம் என்ற நினைப்பிலேயே குடும்பத்தை இழுத்துக்கொண்டு அலைந்தார். அப்படித்தான் கொலராடோவில் டிரினிடாட் நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கம். சுரங்கமும் கம்பெனியுடையது, தொழிலாளி குடியிருக்கும் வீடும் கம்பெனியுடையது, மளிகைக் கடையும் கம்பெனியுடையது. 1914-ல் இதே வட்டாரத்தில் லட்லோ என்ற இடத்தில்தான் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கூடாரங்களைச் சுட்டும் கொளுத்தியும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள். ஸ்மெட்லி குடும்பமும் ஆற்றங்கரையில் ஒரு கூடாரத்தில்தான் இருந்தது, 1904-ல் வந்த வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அம்மா சாரா துணி துவைத்தார், வெளியாட்களுக்குச் சாப்பாடு போட்டுச் சம்பாதித்தார். முடியாத நேரங்களில் பணம் கொடுத்துத் தாங்கியது சித்தி, அவர் பாலியல் தொழிலில் இருந்தார். குடும்பத்தில் கணவனிடம் கையேந்தாமல், அடி வாங்காமல், தன் காசில் வாழ்ந்த ஒரே பெண் அந்தச் சித்திதான் என்பது சிறுமி ஆக்னஸுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கல்யாணம் என்றாலே பின்னாளில் அவருக்கு வந்த பயமும் கசப்பும் இங்கிருந்து வந்தவை.

தன் வாழ்க்கையை வைத்தே அவர் எழுதிய 'டாட்டர் ஆஃப் எர்த்' நாவலில் ஒரு காட்சி உண்டு. மேரி என்ற ஏழைச் சிறுமி, அதாவது ஆக்னஸ்தான், ஒரு பணக்கார வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்குப் போகிறாள். என்ன கொண்டுபோவது? அம்மாவுக்கு இஷ்டமே இல்லை, அவர்களிடம்தான் எல்லாம் இருக்கிறதே என்கிறாள். அப்புறம் மனது கேளாமல் மூன்று வாழைப்பழம் வாங்கித் தருகிறாள். நமக்கு வாழைப்பழம் ஒரு விஷயமே இல்லை, அந்தச் சுரங்க ஊரில் அன்றைக்கு அது காசு போட்டு வாங்கும் அபூர்வமான பண்டம். மேரி பெருமையாகக் கொண்டுபோகிறாள். அங்கே மேசையில் மற்றப் பிள்ளைகள் புத்தகமும் வெள்ளிச் சாமானும் வைத்திருக்கிறார்கள். எல்லோர் பார்வைக்கும் நடுவே மூன்று பழத்தையும் கொண்டுபோய் வைக்கிறாள். அழுகை, ஆவேசம் எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் அதைப் படித்தபிறகு இந்தப் பெண் ஏன் எந்த நாட்டில் எந்தக் கலகம் நடந்தாலும் கீழே இருப்பவன் பக்கமாகப் போய் நின்றார் என்று யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அம்மா 1910-ல், நாற்பது வயதைத் தொடாமலே இறந்துபோனார். ஆக்னஸ் அதற்குள் நியூ மெக்சிகோவில் சின்னச் சின்னப் பள்ளிகளில் வாத்தியாராக வேலை பார்த்திருந்தார். முறையான படிப்பு அரைகுறைதான். பிறகு அரிசோனாவில் டெம்பி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார், அங்கே மாணவர் பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். அங்கே பழக்கமான பிரண்டின் குடும்பத்துச் சகோதரன், சகோதரி இருவரும் படித்தவர்கள், சோஷலிஸ்ட் சிந்தனை உள்ளவர்கள். அந்தச் சகோதரன் எர்னஸ்டை 1912-ல் திருமணம் செய்துகொண்டார். பிள்ளை பெற்றால் அம்மாவின் கதிதான் நமக்கும் என்ற பயத்தில் இரண்டு முறை கருக்கலைப்பு. அந்தக் கல்யாணம் நிற்கவில்லை. சான் டியாகோ ஆசிரியர் கல்லூரியில் கிடைத்திருந்த வேலையும் 1916-ல் சோஷலிஸ்ட் என்ற காரணத்தால் போயிற்று. கையில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

இந்தியா அவர் வாழ்க்கைக்குள் வருவது இங்கேதான். லாலா லஜபதி ராய் அப்போது பிரிட்டிஷாரின் கெடுபிடியால் அமெரிக்காவில் தங்கியிருந்தார். 1917-ல் அவருடைய சொற்பொழிவு ஒன்றைக் கேட்ட ஸ்மெட்லி நேராகப் போய்ப் பேசினார். லஜபதி ராய் அவரைத் தன் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்ய வைத்துக்கொண்டு, பதிலுக்கு இந்திய வரலாறு சொல்லிக்கொடுத்தார். அப்பாவிடம் கிடைக்காத கண்டிப்பும் அக்கறையும் கலந்த ஒரு ஆசிரியர் முதல்முறையாகக் கிடைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. நாவலில் வரும் ரஞ்சித் சிங் என்ற பெரியவர் இவர்தான். லஜபதி ராயின் எண்ணம் ஸ்மெட்லி பொறுமையாகப் படித்து, இந்தியாவுக்கு வந்து ஆசிரியராகப் பணி செய்ய வேண்டும் என்பது. பொறுமைக்கும் ஸ்மெட்லிக்கும் ரொம்ப தூரம். நியூயார்க்கில் ஆயுதப் புரட்சிக்காக வேலை செய்துகொண்டிருந்த வங்காள இளைஞர்கள் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார், பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான எம்.என்.ராயும் அப்போது அந்த வட்டாரத்தில் இருந்தவர். முகவரிப் பட்டியல், ரகசியக் குறியீடுகள் எல்லாவற்றையும் ஒளித்துவைக்கும் பொறுப்பு ஸ்மெட்லியிடம் வந்தது.

1918 மார்ச்சில் சைலேந்திரநாத் கோஷும் ஸ்மெட்லியும் கைதானார்கள். முதல் உலகப் போர் நேரம், பிரிட்டன் அமெரிக்காவின் கூட்டாளி, ஜெர்மன் பணத்தில் இந்தியாவில் கலகம் மூட்டப் பார்க்கிறார்கள் என்ற இந்து-ஜெர்மன் சதி வழக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில்தான் இவர்களும் மாட்டினார்கள். இந்திய தேசியக் கட்சி என்ற பெயரில் அயல்நாட்டு அரசுகளுக்கு ஆதரவு கேட்டு எழுதியது குற்றம். ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கிக்குக்கூட எழுதியிருந்தார்கள். கூடவே குடும்பக் கட்டுப்பாடு பற்றிய துண்டுப் பிரசுரத்தை வினியோகித்தார் என்று இன்னொரு வழக்கையும் ஸ்மெட்லி தலையில் கட்டினார்கள், அன்றைக்கு அமெரிக்காவில் அதுவும் குற்றம். ஜாமீனுக்கும் ஆதரவு திரட்டவும் முன்னால் நின்றவர்களில் ஒருவர் கருத்தடை இயக்கத்தின் மார்கரெட் சாங்கர்.

சிறை என்றால் நியூயார்க்கின் டூம்ஸ் சிறை. அங்கே பார்த்த சக கைதிகளைப் பற்றி அவர் எழுதிய சின்னச் சின்னச் சித்திரங்கள் 1920-ல் வெளிவந்தன. அவர் எழுத்தாளரானது அதில்தான் என்று நான் சொல்வேன். கள்ளக் கையெழுத்துப் போட்டவள், குடிகார ஐரிஷ் கிழவி, போர் எதிர்ப்புத் துண்டறிக்கைக்காக உள்ளே வந்த மோலி ஸ்டைமர், கருத்தடைப் பிரசுரம் விற்று உள்ளே வந்த கிட்டி மேரியன். இந்தக் கிட்டி தினமும் காலையில் தரை துடைக்கும் வாளியோடு நடைபாதையில் சத்தமாக வருவாராம், கருத்தடைக்கு மூன்று முறை ஜே போடுங்கள் என்பாராம், கைதிகளோடு சேர்ந்து காவல் பெண்களும் ஜே போடுவார்களாம். கொள்கை விளக்கம் ஒரு வரி கிடையாது. வெளியே வந்தபிறகு, இந்தியப் புரட்சிக்காரர்களை நாடு கடத்தி பிரிட்டிஷாரிடம் ஒப்படைக்காமல் தடுக்க 1919-ல் தாரக்நாத் தாஸ் முதலானோரோடு 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ஃப்ரீடம் ஃபார் இந்தியா' என்ற அமைப்பை நடத்தினார். வழக்கு பின்னாளில் கைவிடப்பட்டது. ஆக, கேள்வியின் முதல் பாதிக்குப் பதில்: ஆமாம், இந்தியாவில் கால் வைக்காமலேயே இந்தியாவுக்காகச் சிறை போனார். கடைசிவரை இந்தியாவுக்கு வரவும் இல்லை.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது, நாவலும் அதை மறைக்கவில்லை. இயக்கத்து ஆண் ஒருவன் கதாநாயகியைப் பலவந்தப்படுத்துகிறான், பிறகு அதே சம்பவத்தை வைத்து அவளுடைய நடத்தையைக் கேள்வி கேட்கிறார்கள், அதைச் சொல்லிச் சொல்லியே அவளுடைய கல்யாண வாழ்க்கையை உடைக்கிறார்கள். நாட்டு விடுதலை பேசுகிறவர்கள் பெண் விஷயத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை உள்ளேயிருந்து, இயக்கத்தை விட்டுக்கொடுக்காமலும் இயக்கத்துக்காகப் பூசி மெழுகாமலும் எழுதியவர்கள் அந்தத் தலைமுறையில் ரொம்பக் குறைவு.

1920 கடைசியில் ஒரு சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து ஐரோப்பா போனார், டான்ஸிக் துறைமுகத்தில் இறங்கியவர் கப்பலுக்குத் திரும்பவில்லை. பெர்லின் போய்ச் சேர்ந்தார். அங்கே வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா, எல்லோருக்கும் சட்டோ, சரோஜினி நாயுடுவின் தம்பி. முதல் உலகப் போர்க்காலத்தில் பெர்லினில் இயங்கிய இந்திய விடுதலைக் குழுவில் நம்ம செண்பகராமன் பிள்ளையோடு இருந்தவர் என்றால் உங்களுக்குச் சட்டென்று இடம் பிடிபடும். சட்டபூர்வமாகத் திருமணம் செய்துகொள்ளாமல் இருவரும் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள். பல மொழி பேசும் மேதை, கையில் காசு தங்காத மனிதர். பின்னாளில் நேருவும் தன் சுயசரிதையில் சட்டோவின் திறமையையும் கந்தல் உடையையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கும், இந்தியாவிலிருந்து வருகிற மாணவர், தலைவர், தலைமறைவு ஆள் எல்லோருக்கும் அங்கேதான் சாப்பாடு, தங்கல். சமைப்பது யார், காசுக்கு அலைவது யார்? ஸ்மெட்லிதான். அதற்கு மேல் சட்டோவுக்கு அவருடைய கடந்தகாலத்தைப் பற்றிய சந்தேகமும் பொறாமையும். 1921-ல் சட்டோவின் குழுவோடு மாஸ்கோ போய் வந்தார்கள், எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை. ஸ்மெட்லி உடலும் மனதும் நொறுங்கி, தற்கொலைக்கு முயன்று, மனப்பகுப்பாய்வு சிகிச்சைக்குப் போய், ஒருவழியாக அந்த உறவை விட்டு 1925 வாக்கில் வெளியே வந்தார்.

வெளியே வந்தபிறகு அவர் செய்ததெல்லாம் ஆச்சரியமானவை. பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார், கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ', லஜபதி ராயின் 'பீப்பிள்' பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார், பெர்லினில் கருத்தடை மருத்துவ நிலையங்கள் திறக்க உழைத்தார், ஓவியர் கேத்தே கோல்விட்ஸோடு பழகினார். நடுவில் டென்மார்க்கில் எழுத்தாளர் கரின் மிக்கேலிஸ் வீட்டில் தங்கி அந்த நாவலை எழுதினார். 'டாட்டர் ஆஃப் எர்த்' 1929-ல் வெளிவந்தது. டென்மார்க் கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் பெண் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பதாக ஆரம்பிக்கும், மிசூரியிலிருந்து சட்டோ வரைக்கும் வரும். நாவல் என்று பெயர், பெயர்களை மாற்றிய சுயசரிதை என்பதே சரி. நடை ஒரே சீராக இருக்காது, சில இடங்களில் பிரசங்கம் தலைதூக்கும், கடைசிப் பகுதி அவசரமாக ஓடும். இருந்தாலும் வறுமையில் பிறந்த அமெரிக்கப் பெண் தன்னைப் பற்றித் தானே இவ்வளவு கூச்சமில்லாமல் எழுதிய புத்தகம் அதற்கு முன்னால் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பல ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்ததை 1973-ல் ஃபெமினிஸ்ட் பிரஸ் மறுபதிப்பாகக் கொண்டுவந்த பிறகுதான் பல்கலைக்கழகங்கள் கண்டுகொண்டன.

அப்புறம் சீனா. 'ஃப்ராங்க்ஃபர்ட்டர் ஸைட்டுங்' என்ற பெரிய ஜெர்மன் நாளிதழின் நிருபராக 1928 கடைசியில் மாஸ்கோ வழியாக மஞ்சூரியா போய், 1929-ல் ஷாங்காய் சேர்ந்தார். பிரிட்டிஷ் உளவுத்துறை அங்கேயும் விடவில்லை. ஷாங்காயின் வெளிநாட்டவர் பகுதியில் போலீஸ் வேலையில் நிறைய சீக்கியர்கள் இருந்தார்கள், இந்தப் பெண் அவர்களைக் கெடுத்துவிடுவார் என்ற கவலை.

நிருபராக அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். கான்டன் பக்கம் பட்டு நூற்பு ஆலைகளைப் பார்க்கப் போகிறார். கூட வரும் படித்த வழிகாட்டிக்கு அந்த ஆலைப் பெண்களைக் கண்டாலே எரிச்சல். இவர்கள் கல்யாணம் செய்துகொள்வதே இல்லை, வீட்டார் கட்டாயப்படுத்திக் கட்டிவைத்தால் சம்பளத்தில் ஒரு பங்கைப் புருஷனிடம் கொடுத்து வேறொருத்தியை வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஆலைக்கே வந்துவிடுகிறார்கள், கையில் காசு அதிகமாகப் புரள்வதுதான் இதற்கெல்லாம் காரணம் என்று பொரிந்து தள்ளுகிறான். அவன் குற்றமாகச் சொன்ன ஒவ்வொன்றையும் ஸ்மெட்லி அப்படியே எழுதிவைத்துக்கொண்டார். மற்ற இடங்களில் பெண் குழந்தை பிறந்தால் அழுவார்கள், இங்கே மகிழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டார். புள்ளிவிவரம் கேட்டுப் போனவர் கண்ணில் இது பட்டிருக்காது. துணி துவைத்தவரின் மகளுக்கு, பெண் கையில் சம்பளம் இருந்தால் வீட்டுக்குள் என்ன மாறும் என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

ஷாங்காயில் பெரிய சீன எழுத்தாளர் லூ சுன் அவருக்கு நெருங்கிய நண்பரானார். 1930-ல் லூ சுன்னின் 50-வது பிறந்தநாளை இடதுசாரி எழுத்தாளர்கள் ரகசியமாகக் கொண்டாட ஒரு டச்சு உணவகத்தை ஏற்பாடு செய்து கொடுத்தது ஸ்மெட்லிதான், உளவாளி யாரும் வருகிறார்களா என்று வாசலில் கண் வைத்திருந்ததும் அவர்தான். 1931 பிப்ரவரியில் ஐந்து இளம் எழுத்தாளர்களைக் கோமிண்டாங் அரசு, அதாவது அன்று சீனாவை ஆண்ட தேசியவாதக் கட்சியின் அரசு, சுட்டுக்கொன்றபோது, லூ சுன் எழுதிய கண்டனத்தை ஆங்கிலத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கோல்விட்ஸின் அச்சோவியங்கள் சீனாவில் லூ சுன் பதிப்பாக வந்ததற்கும் இந்த நட்புதான் பாலம்.

சரி, உளவு விஷயத்துக்கு வருவோம். 1930-ல் ரிச்சர்ட் சோர்கே ஷாங்காய் வந்தார். ஜெர்மன் பத்திரிகையாளர் என்ற போர்வையில் சோவியத் ராணுவ உளவுத்துறை ஆள். ஸ்மெட்லியும் அவரும் காதலர்களாகவும் இருந்தார்கள், வேலையிலும் கூட்டாளிகள். சோர்கேவுக்குச் சீன ஆட்களை அறிமுகம் செய்துவைத்தவர் ஸ்மெட்லி. ஜப்பானிய நிருபர் ஓஸாகி ஹோட்ஸுமியை அறிமுகம் செய்ததும் அவர் வழியாகத்தான். இந்த ஓஸாகிதான் ஸ்மெட்லியின் நாவலை ஜப்பானிய மொழியில் பெயர்த்தவர், பின்னாளில் டோக்கியோவில் சோர்கேவின் மிக முக்கியமான தகவலாளி, இருவரையும் 1944 நவம்பர் 7-ம் தேதி ஜப்பான் தூக்கில் போட்டது. உர்சுலா குச்சின்ஸ்கி என்ற ஜெர்மன் இளம்பெண்ணையும் சோர்கேவிடம் கொண்டுபோய் விட்டது ஸ்மெட்லிதான். 'சோன்யா' என்ற பெயரில் இங்கிலாந்தில் அணுகுண்டு ரகசியங்களை வாங்கி மாஸ்கோவுக்கு அனுப்பியவர் அதே உர்சுலா. பிடிபட்டபிறகு சோர்கே தந்த வாக்குமூலத்தில், சீனாவுக்குப் போனபோது தான் நம்பிப் பயன்படுத்த முடிந்தவர் ஸ்மெட்லி என்றே சொல்லியிருக்கிறார்.

ஆனால் கட்சி ஒழுங்குக்கு அவர் ஒருநாளும் சரிப்பட்டு வரவில்லை. 1936 டிசம்பரில் சீயான் நகரில் கோமிண்டாங் தலைவர் சியாங் கை ஷெக்கை அவருடைய தளபதிகளே பிடித்துவைத்தபோது ஸ்மெட்லி அங்கேதான் இருந்தார், சீயான் வானொலியில் ஆங்கிலத்தில் செய்தி சொன்னார். உலகம் முழுக்க அவர் பெயர் அடிபட்டது. 1937 தொடக்கத்தில் கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமான யெனான் போனார். மலைக்குகை வீடுகள். எலித்தொல்லை அதிகம், அதனால் எலி ஒழிப்பு இயக்கம் தொடங்கினார். நூலகத்துக்கு வெளிநாட்டுப் புத்தகங்கள் வரவழைத்தார். கிராமபோன் வைத்துத் தலைவர்களுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தார். கம்யூனிஸ்டுகளின் செஞ்சேனைத் தளபதி சூ தே ஆர்வமாக ஆடினார், தலைவர்களின் மனைவிமார் கொதித்தார்கள். கோமிண்டாங் படையிடமிருந்து தப்பிக் கம்யூனிஸ்டுகள் நடந்துவந்த நெடும்பயணத்தின் அத்தனை கொடுமையையும் தாங்கி வந்தவர்கள் அவர்கள், நேற்று வந்த ஒரு வெள்ளைக்காரி ஆண்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தால் கோபம் வரத்தான் செய்யும், அந்தப் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். கடைசியில் மாவோவின் அப்போதைய மனைவி ஹே ஸிச்சன் ஸ்மெட்லியோடும் அவருடைய மொழிபெயர்ப்பாளரோடும் கைகலப்பு வரைக்கும் போனார். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர ஸ்மெட்லி விண்ணப்பித்ததும் மறுக்கப்பட்டது, வெளியே பத்திரிகையாளராக இருந்தால்தான் பயன் என்று சமாதானம் சொன்னார்கள். உடைந்து அழுதிருக்கிறார்.

அதே யெனானில்தான் அவருடைய ஆகச் சிறந்த வேலை தொடங்கியது. மாவோ அல்ல, சூ தேவின் வாழ்க்கையை எழுத வேண்டும் என்றார். ஏன் என்று சூ தே கேட்டதற்கு, நீங்கள் விவசாயி, சீனாவில் பத்துக்கு எட்டு பேர் விவசாயி, அவர்கள் கதையை உலகத்துக்கு யாரும் சொல்லவில்லை என்று பதில். இரவுகளில் உட்கார்ந்து கேட்டுக் குறிப்பெடுத்தார். சூ தே தன் அம்மாவைப் பற்றிச் சொல்கிறார். பெயர்கூட இல்லாத பெண், அடுப்பில் வேலையாக இருந்தபோதே பிள்ளை பெற்று, எழுந்து மறுபடி சமைக்கப் போனவள். ஸ்மெட்லி பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். என்ன என்பது போல் சூ தே பார்க்கிறார். சில நேரம் நீங்கள் என் அம்மாவைத்தான் சொல்கிறீர்களோ என்று தோன்றுகிறது என்கிறார் இவர். பண்டிகை நாட்களில் பணக்காரர் வீட்டு அடுப்படியில் வேலை செய்து, சாப்பாட்டில் கொஞ்சத்தை ஒளித்து எடுத்து வந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாய் கொடுத்த அம்மாவைப் பற்றிச் சொல்கிறார். உலகத்து ஏழைகள் எல்லாம் ஒரே குடும்பம் என்றாராம் சூ தே. இது மேடைப் பேச்சில் வந்திருந்தால் நான் கண்டுகொண்டிருக்க மாட்டேன், பேனா கீழே வைக்கப்பட்ட பிறகு வந்ததால் நிற்கிறது.

ஜப்பான் முழுப் போர் தொடுத்தபிறகு ஹான்கோவில் செஞ்சிலுவைக்காகவும் 'மான்செஸ்டர் கார்டியன்' பத்திரிகைக்காகவும் வேலை. காயம்பட்ட சிப்பாய்களைப் பராமரிக்க ஆளும் மருந்தும் இல்லை என்று உலகத்தைத் திரும்பத் திரும்ப நச்சரித்தார். பழைய இந்தியத் தொடர்பு இங்கே கைகொடுத்தது: சூ தே நேருவுக்கு எழுதிய உதவிக் கடிதத்தோடு ஸ்மெட்லியும் நேருவை விடாமல் வற்புறுத்தினார். 1938-ல் காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது, அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி. அதில் கோட்னிஸ் அங்கேயே தங்கி 1942-ல் இறந்து, இன்றைக்கும் சீனாவில் கொண்டாடப்படுகிறார். கோட்னிஸ் பெயர் தெரிந்த நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு ஸ்மெட்லி பெயர் தெரியும் என்று சில சமயம் யோசிப்பேன்.

1938-லிருந்து 1940 வரைக்கும் கம்யூனிஸ்டுகளின் புதிய நான்காம் படையோடும் கெரில்லாக்களோடும் மத்திய சீனாவில் அலைந்தார். 'பேட்டில் ஹிம் ஆஃப் சைனா' (1943) முழுக்க அந்த அனுபவம். அதில் ஷென் குவோஹுவா என்று பத்துப் பதினோரு வயதுப் பையன் வருகிறான், அனாதை, ஸ்மெட்லிக்கு எடுபிடி வேலைக்காகப் படை கொடுத்த ஆள். அவனைத் தத்தெடுத்துக்கொண்டு போய்ப் படிக்க வைக்க ஆசைப்பட்டார். பையன் யோசித்து, ஆண்கள் எல்லோரும் போர்முனையில் இருக்க வேண்டும், வெற்றி பெற்றபிறகு தத்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று பெரிய மனுஷன்போல் பதில் சொன்னான். அத்தோடு பிரிவு. பிள்ளையே வேண்டாம் என்று பயந்து ஓடிய பெண் கடைசியில் கேட்ட பிள்ளை அவன்.

உடம்பு கெட்டு 1941-ல் அமெரிக்கா திரும்பினார். 1943-லிருந்து 1948 வரைக்கும் நியூயார்க் மாநிலத்தில் யாடோ என்ற கலைஞர் இல்லத்தில் தங்கி, சூ தே புத்தகத்தை எழுதிக்கொண்டும் சீனாவுக்காகக் கூட்டங்களில் பேசிக்கொண்டும் இருந்தார். எஃப்.பி.ஐ. கண்காணிப்பு ஆரம்பித்தது. 1949 பிப்ரவரி 10-ம் தேதி, ஜப்பானில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் மெக்கார்தரின் உளவுப்பிரிவு தளபதி வில்லோபி தயாரித்த சோர்கே அறிக்கையை அமெரிக்க ராணுவம் வெளியிட்டது, அதில் ஸ்மெட்லி சோவியத் உளவாளி என்று நேரடியாகப் போட்டிருந்தது. ஸ்மெட்லி வானொலியில் போய், பதவிப் பாதுகாப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், அவதூறு வழக்குப் போடுகிறேன் என்று மெக்கார்தருக்கே சவால் விட்டார். பத்து நாளுக்குள் ராணுவம் பின்வாங்கி, வெளியிட்டது தவறு என்று ஒப்புக்கொண்டது. ஜெயித்தும் பயனில்லை. பேச்சுக்கு அழைத்தவர்கள் ரத்து செய்தார்கள், நண்பர்கள் ஒதுங்கினார்கள், அவர் தங்கியிருந்ததற்காக யாடோவின் இயக்குநர்மீதே கவிஞர் ராபர்ட் லோவெல் முதலானோர் குற்றப்பத்திரிகை வாசித்தார்கள்.

அப்படியானால் அன்றைக்கு அவர் வானொலியில் சொன்னது பொய்யா? பாதி பொய் என்றுதான் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் அவருடைய ஆதரவாளர்கள் இது முழுக்க ஜோடிப்பு என்றே சொல்லிவந்தார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ரூத் பிரைஸும் அதை நிரூபிக்கத்தான் இறங்கினார், ஆவணங்களைத் தேடத் தேட அது நேர் எதிராகப் போயிற்று. 2005-ல் வந்த அந்தப் புத்தகத்துக்குப் பிறகு, ஸ்மெட்லி மாஸ்கோவிலிருந்து இயங்கிய கம்யூனிஸ்ட் அகிலத்துக்காகவும் சோர்கேவுக்காகவும் தெரிந்தே வேலை செய்தார் என்பதை மறுக்க எனக்கு வழியில்லை. அதே சமயம் அமெரிக்க ரகசியத்தை எடுத்து விற்றார் என்பதற்கு நான் படித்தவரையில் ஆதாரம் கிடையாது. அவர் செய்தது சீனாவில், ஜப்பானுக்கும் கோமிண்டாங்குக்கும் எதிராக. எதிரியின் எதிரி யாராக இருந்தாலும் கை கோத்துக்கொள்ளலாம் என்ற பாடத்தை அவர் மாஸ்கோவில் கற்கவில்லை, 1917-ல் ஜெர்மன் பணத்தைப் பற்றிக் கவலைப்படாத இந்தியப் புரட்சிக்காரர்களிடம் நியூயார்க்கில் கற்றார். நான் குறை சொல்வதென்றால் வேறொன்றுக்குச் சொல்வேன்: சட்டோ லெனின்கிராடில் குடியேறி, 1937-ல் ஸ்டாலின் அரசால் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரைப் போல் ஆயிரக்கணக்கானவர்கள். சோவியத் நாட்டைப் பற்றித் தனிப்பட்ட முறையில் சலித்துக்கொண்ட ஸ்மெட்லி, அதை வெளியே உரக்கச் சொல்லவில்லை.

1949 கடைசியில் இங்கிலாந்து போனார், அங்கிருந்து சீனா போய்விடலாம் என்ற எண்ணம். வயிற்றுப் புண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு 1950 மே 6-ம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார், வயது 58. தன் அஸ்தி சீனாவில் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார், உடைமைகளைச் சூ தேவுக்கு விட்டிருந்தார். 1951-ல் பெய்ஜிங்கின் பாபாவோஷான் கல்லறையில் அஸ்தியை வைத்தார்கள், கல்வெட்டு எழுத்து சூ தேவின் கையெழுத்து. கட்சியில் சேர்க்க மறுத்த இடத்தில் கட்சிக்காரர்களுக்கான கல்லறை கிடைத்தது.

படிக்க விரும்பினால் 'டாட்டர் ஆஃப் எர்த்' முதலில். இந்தியர்கள் வரும் பகுதி மட்டும் போதும் என்று கடைசிக்குத் தாவாதீர்கள், கொலராடோ பகுதி இல்லாமல் அது புரியாது. அடுத்தது 'தி கிரேட் ரோட்', அதாவது சூ தேவின் வாழ்க்கை, அவர் இறந்தபிறகு 1956-ல் ஆங்கிலத்தில் வந்தது. கடைசிவரை திருத்தி முடிக்காத புத்தகம் என்பது சில அத்தியாயங்களில் தெரியும், ஆனால் குழந்தைப் பருவ அத்தியாயங்கள் அருமை. 'சைனாஸ் ரெட் ஆர்மி மார்ச்சஸ்' (1934) ஆராய்ச்சிக்கு வேண்டுமானால் பாருங்கள், பிரச்சார வாடை அதிகம். உளவு விவகாரத்துக்கு ரூத் பிரைஸ், அதற்கு முன்னால் 1988-ல் மக்கின்னன் தம்பதி எழுதிய வாழ்க்கை வரலாறு, இரண்டையும் சேர்த்துப் படித்தால் எங்கே முரண்படுகிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.